கியூ அன்ரி

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் வரிசையில் நிற்கத் தெரிந்த ஒரே மனுஷி கியூ அன்ரிதான். ஆனால் அந்த வரிசையில் அவர் தனியாகத்தான் நின்றார்.

தொண்ணூறுகளில் ஈழத்தமிழர் நாங்கள் சிலர் அல்பெர்கேரியா என்ற பகுதியில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்குக் கீழே அவருடைய பலசரக்குக் கடை. அந்தச் சந்தில் பிறந்து, கலியாணம் கட்டி மெல்பேர்னுக்குப் போய், பாதி ஆயுளுக்கு அங்கே கடை நடத்தியவர். புருஷன் இறந்ததும் சொந்த ஊர் என்று திரும்பி வந்தார். ஊர் அப்படியே இருந்தது. கூடப்பிறந்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள். மற்றவர்கள், பரம்பரை வீட்டில் பங்கு கேட்க வந்துவிட்டாளோ என்று பயந்து பேச்சை நிறுத்திவிட்டார்கள். சந்துக்காரர் அவருக்கு வைத்த பெயர் 'அவுஸ்திரேலியாக்காரி'.

ஒருநாள் ஒரு பெண் கடைக்குள் வந்து நேரே மேசையடிக்குப் போய்விட்டாள்.

"கியூ! கியூவிலை நில்லுங்கோ!"

"சின்யோரா, கடையிலை நான் ஒருத்திதானே நிக்கிறன்!"

"ஒருத்தி எண்டாலும் கியூ கியூதான்!"

அந்தப் பெண் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. நாங்கள் அன்றே பெயர் வைத்துவிட்டோம்.

மத்தியானத்தில் நகரமே கதவடைத்து நித்திரை கொள்ளும். அன்ரி மட்டும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்பேர்னில் கடைக்காரர் பகலில் படுப்பதில்லை என்று ஈக்களுக்கு அறிவிப்பார். சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் எசமானியம்மாக்களின் வீடுகளைத் துடைத்துவிட்டு அந்த நேரத்தில் திரும்பும் நாங்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். எங்கள் உடைந்த ஆங்கிலத்துக்காகவே எங்களைப் பிடித்து வைப்பார். மெல்பேர்னில் ஆங்கிலம் தெரியாமல் அழுதவர், இங்கே ஆங்கிலம் கதைக்க ஆளில்லாமல் அழுதார்.

என்னோடு அதே வீட்டில் இருந்த செல்வி அக்கா ஒருமுறை கேட்டுவிட்டார். "திரும்பிப் போகலாம்தானே அன்ரி?"

"அங்கை நான் இத்தாலிக்காரி. இஞ்சை அவுஸ்திரேலியாக்காரி. எங்கை போறது, பிள்ளை?"

யாழ்ப்பாணத்தை விட்டு வந்த செல்வி அக்கா, வாங்கிய பருப்பை அங்கேயே மறந்துவிட்டு மேலே ஏறிப் போனார்.

ஒரு மாரிக்காலத்து மத்தியானம் கடை பூட்டிக் கிடந்தது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். காய்ச்சலில் கட்டிலோடு கிடந்தார், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும், செருப்போடு உள்ளே வந்ததற்கு என்னைத் திட்டினார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வாசலில் தாதி மறித்தார். "உறவுக்காரருக்கு மட்டும்தான் அனுமதி. நீ ஆர்?"

அந்த ஊரில் யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும், என் கை தானாகவே சட்டைப்பையில் இருக்கும் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியைத் தேடும். அன்றும் தேடியது. அதற்குள் தள்ளுவண்டியில் கிடந்த அன்ரி தலையை நிமிர்த்தினார்.

"என்ரை பெறாமகன்! கண் தெரியேல்லையோ?"

தாதி என்னுடைய கறுத்த முகத்தைப் பார்த்தார். அன்ரியின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். "எந்தப் பக்கத்துப் பெறாமகன்?"

"மெல்பேர்ன் பக்கம்!"

தாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

அன்ரி சுகமாகி வந்து, பிறகும் பல வருஷம் எங்களைத் திட்டித் தீர்த்தார். அந்த ஊரில் எனக்குச் சொந்தமென்று ஒருவரும் இருக்கவில்லை. அன்றைக்குப் பிறகு ஒருவர் இருந்தார்.