சனிக்கிழமைகளில் மட்டும் படுக்கும் சேர்வர்

கலியாணம் கட்டிய ஆண்மகன் சனிக்கிழமையையாவது தன் இஷ்டப்படி வாழவேண்டும். இந்த மகத்தான தீர்மானத்தை நான் நோர்வேயில், குரோருட்டில், எங்கள் வீட்டுக் குளியலறைக்குள், கதவை உள்ளால் பூட்டிவிட்டு எடுத்தேன். வெளியில் நின்று எடுக்க எனக்கென்ன விசரா?

எல்லாம் மச்சான் ரவீந்திரனால் வந்தது. என் மனைவி சிவமலரின் அண்ணன். லோறென்ஸ்கூக்கில் பழைய வீடொன்றை வாங்கினார். வீடு அவருக்கு, முதுகுவலி எனக்கு. ஒவ்வொரு சனியும் சுவரைச் சுரண்டு, பலகையைத் தூக்கு, பெயின்ற் அடி. அதே சனிக்கிழமைதான் ஹவுகன்ஸ்டுவாவில் பிலேந்திரன் வீட்டில் முந்நூற்றிநாலு ஆட்டம். நாலு பேர் விளையாடுகிற சீட்டு. நாலாவது கதிரை என்னுடையது. அந்தக் கதிரையும் இல்லையென்றால் எனக்கு இந்த நாட்டில் குளிரைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் ஒரு கொம்பனியில் கணினிச் சேர்வர்களைப் பராமரிக்கிறவன். எங்கள் யூனிக்ஸ் சேர்வர்களுக்குள் குறொன் என்றொரு மென்பொருள் வேலைக்காரன் குடியிருக்கிறான். எந்த நாள், எத்தனை மணி, என்ன வேலை என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். தவறாமல் செய்வான். குப்பைக் கோப்புகளைக் கூட்டுவான், முக்கியமானதைப் பிரதி எடுத்து வைப்பான். "ஏன்?" என்று கேட்கமாட்டான். "அண்ணா வீட்டை எப்ப போறது?" என்றும் கேட்கமாட்டான். இப்படி ஒரு விசுவாசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏன் சுவர் சுரண்டவேண்டும்?

எழுதினேன் ஒரு வரி. சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு என் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வரும். "சேர்வர் படுத்துவிட்டது. உடனே வரவும்." அவ்வளவுதான்.

முதல் சனி. சிவமலர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் கத்தியது. வாசித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தேன்.

"ஐயோ மலர், படுத்திட்டுதாம்!"

"ஆரப்பா படுத்தது?"

"சேர்வர்! ஒபிஸிலை எல்லாம் நிண்டுபோச்சுதாம்."

"சனிக்கிழமை ஒபிஸிலை ஆர் இருக்கினம்?"

"ஆக்கள் இல்லாட்டிலும் மெஷின் இருக்குதெல்லே!"

"அப்ப அண்ணா வீட்டு வேலை?"

"எனக்கென்ன போக விருப்பமில்லையே? பெயின்ற் மணம் இல்லாட்டில் எனக்குச் சனிக்கிழமை மாதிரியே இராது."

"பாவம் நீங்கள்," என்றாள். "போட்டு வாங்கோ. நான் பஸ்ஸிலை போறன்."

பாவமாம்! ஹவுகன்ஸ்டுவா வரைக்கும் காருக்குள் தனியே சிரித்தேன். அன்று நான் துரும்புச் சீட்டை மேசையில் அடித்த அடியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பனிக்காலம் முழுக்க அந்தச் சேர்வர் சனிக்கிழமை தவறாமல் படுத்தது. சிவமலர் கோபிக்கவில்லை. அதற்கு மேலே, சோறும் மீன்குழம்பும் கட்டித் தரத் தொடங்கினாள்.

"என்னப்பா, இவ்வளவு சோறு?"

"உங்களோடை சேர்ந்து திருத்துற ஆக்களுக்கும் பசிக்குமெல்லே."

நாங்கள் நாலு பேரும் விரல் சூப்பிச் சாப்பிட்டோம். "மனிசியை இப்பிடி ஏமாத்த உன்னாலைதான் ஏலும்," என்றான் பிலேந்திரன். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் வந்தது. சனிக்கிழமை. நான் சட்டை மாற்றி, சப்பாத்துப் போட்டு, ரெடி. சிவமலர் தேத்தண்ணி ஊற்றினாள். போன் கத்தவில்லை. எடுத்துப் பார்த்தேன். குலுக்கினேன். காதில் வைத்தேன்.

"என்னப்பா, இன்னும் படுக்கேல்லையோ?"

"என்னது?"

"சேர்வர்."

"அது... அதெப்பிடி எனக்குத் தெரியும்?"

"ஒரு மணித்தியாலம் பொறுங்கோ, படுக்கும்." பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே சொன்னாள். "போன ஞாயிறு கோடைக்கு மணி மாத்தினவங்கள் எல்லே. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலையும் மருந்து நேரத்துக்கு அடிக்கிற மெஷின் பழைய நேரத்திலைதான் நிண்டது. உங்கடை சேர்வருக்கும் ஒருத்தரும் சொல்லேல்லைப் போலை."

சரியாகச் சொல்லிவிட்டாள். எங்கள் சேர்வர் கோடை, குளிர் எதற்கும் மணி மாற்றாது. நான்தான் பனிக்காலக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துபோனேன்.

"மலர்... உமக்கு எப்ப தெரியும்?"

"ரெண்டாவது சனியே. பழுதாகிற சாமான் ஒருநாள் காலமை பழுதாகும், ஒருநாள் பின்னேரம் பழுதாகும். உங்கடை மட்டும் நான் தேத்தண்ணி ஊத்தேக்கை பழுதாகுது."

"பிறகேன் சோறு கட்டித் தந்தனீர்?"

"நீங்கள் அண்ணா வீட்டை வராட்டில் நல்லதெண்டுதான். நீங்கள் அடிச்ச சுவரையெல்லாம் அண்ணா திரும்ப அடிக்கவேண்டிக் கிடந்தது. 'அந்தாளை ஏதும் சாட்டுச் சொல்லி மறி' எண்டு அவர்தான் என்னட்டைக் கேட்டவர். என்ன சாட்டுச் சொல்லலாமெண்டு நான் யோசிக்க, நீங்களே ஒண்டைக் கொண்டுவந்தியள்."

எனக்கு வந்ததே ரோசம்! காது இரண்டும் கொதித்தன. ஏமாற்றியது பிடிபட்ட வெட்கம்கூடப் பின்னால் போய்விட்டது.

"எனக்கோ பெயின்ற் அடிக்கத் தெரியாது?"

"தெரியாதெண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் கொம்பியூட்டர் படிச்ச ஆள். இண்டைக்கு நிலக்கீழ் அறையின்ரை சீலிங். சரியான கஷ்டம். நீங்கள் போய் விளையாடுங்கோ."

"ஏறும் காரிலை!"

லோறென்ஸ்கூக்கில் ரவீந்திரன் வாசலிலேயே நின்றார். "மச்சான், சீலிங் உங்களாலை ஏலுமோ?"

"தள்ளும் அங்காலை!"

ஏணியில் ஏறினேன். பிரஷ்ஷைப் பிடித்தேன். நான் அடித்த அடியை நோர்வே தேசமே வந்து பார்த்திருக்கவேண்டும். பத்து மணிக்குப் போன் கத்தியது. சேர்வர் படுத்துவிட்டதாம். "கிடக்கட்டும் சனியன்!" என்று ஏணி உச்சியிலிருந்து முழங்கினேன். இடையில் ரவீந்திரன் பெயின்ற் வாளி இன்னொன்று வாங்கப் போனார்; போனவர் திரும்பி வரவில்லை. நான் நிறுத்தவில்லை. சீலிங் முடிந்தது. சுவர் நாலும் முடிந்தது.

சிவமலர் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தாள். "என்னப்பா இது, பால் மாதிரி இருக்கு! நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

கேட்டீர்களா? அவள் வாயாலேயே பிழை என்றாள்! கலியாணமாகி இத்தனை வருசத்தில் முதல் தடவை. மூக்கில் பெயின்ற், முடியில் பெயின்ற், ஆனால் ராசா மாதிரி நின்றேன். இந்த வெற்றியை உடனே சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் என்று பிலேந்திரனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், இண்டைக்கு ஒரு அலுவல். அடுத்த சனி வாறன். என்ரை கதிரை கவனம்!"

"இனி நீ வரமாட்டாய் எண்டு உன்ரை மனிசி போன கிழமையே சொன்னவ. நாங்கள் கதிரைக்கு வேறை ஆள் போட்டிட்டம்."

"ஆரடா அது?"

"பொறு, குடுக்கிறன்."

சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரவீந்திரனின் குரல்:

"மச்சான், அந்த நிலக்கீழ் அறைப் படிக்கட்டுக்கும் ரெண்டு தரம் அடியுங்கோ, என்ன?"