கொட்டாவி டாக்டர்

ஊரில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், தூக்கம் வராமல் புரளுகிறவர்கள் இருக்கிறார்கள், மனைவி கூப்பிடும்போது மட்டும் தூங்கிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றிலும் சேராத ஒரு ரகம் உண்டு. அடுத்தவர் தூங்குவதை உட்கார்ந்து பார்த்து, அதற்கு மாதச் சம்பளமும் வாங்குகிற ரகம். தூக்கத்தையும் கனவையும் ஆராயும் மூளை விஞ்ஞானி என்று மரியாதையாகச் சொல்வார்கள்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும் இடத்தில் இவர் "நல்லாத் தூங்கினீங்களா?" என்பார். ஒப்புக்கு "தூங்கினேன் சார்" என்று சொல்லிவைத்தீர்களோ, தொலைந்தீர்கள். எப்போது படுத்தீர்கள், தலையணை ஒன்றா இரண்டா, நடுவில் விழித்தது தாகத்துக்கா கவலைக்கா, ஜன்னல் திரை கனமானதா மெல்லியதா, படுக்கையில் போன் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், நீங்கள் ஏறவேண்டிய லிஃப்ட் வந்து, கதவு திறந்து, உங்களை விட்டுவிட்டு மேலே போயிருக்கும். இத்தனைக்கும் அவர் கண்ணைப் பாருங்கள். கீழே கருவளையம். சமையற்காரர் பசியோடு இருப்பது புதிதா என்ன?

அலுவலகக் கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால் மற்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்ப்பார்கள். இவர் முகம் மலர்ந்துவிடும். "அங்க பாருங்க, கணக்கு அதிகாரிக்குக் கண் சொருகுது. இப்ப தலை சாயும் பாருங்க" என்று பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பார். கல்யாண வீட்டில் இவர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு ஆட்கள் வரிசையாக வருவார்கள். ஒருவர் பேனா இல்லாமல் பரீட்சை எழுதியிருப்பார், ஒருவர் ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் போயிருப்பார்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்? புரொமோஷன் வருமா?"

"அர்த்தம் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க. மூளை பழைய ஞாபகத்தை எல்லாம் எடுத்து அடுக்கி வைக்குது, அவ்வளவுதான்."

"அது சரி சார். புரொமோஷன் வருமா, வராதா?"

இந்த ரகத்தில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். மாணவர்கள் அவருக்குக் கொட்டாவி டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவருக்கும் அது தெரியும், உள்ளூரப் பெருமைதான். எலி தூங்குவதைப் பார்த்து முனைவர் பட்டம் வாங்கினார். பூனை தூங்குவதைப் பார்த்து வேலை வாங்கினார். மனிதர்கள் தூங்குவதைப் பார்த்துப் பேராசிரியரும் ஆகிவிட்டார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கட்டில், மேலே ஒரு கேமரா, சுவருக்கு அந்தப் பக்கம் கணினித் திரை. தூங்க வரும் மாணவனின் தலை முழுக்கப் பசையைத் தடவி, நெற்றியிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் ஒயர்களை ஒட்டி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, "வீட்ல தூங்குற மாதிரி நிம்மதியாத் தூங்குப்பா" என்பார். அவனும் பாவம், எப்படியோ தூங்குவான். மூடிய இமைக்குள் அவன் கண் உருளத் தொடங்கியதும், கனவு ஓடுகிறது என்று திரையில் தெரியும். உடனே தோளைத் தட்டி எழுப்பிக் கேட்பார்: "என்ன பாத்தே? சொல்லு, சீக்கிரம் சொல்லு, மறந்துடுவே!" அவருடைய தொழிலே இந்த ஒரு கேள்விதான்.

பெண் பார்க்க வந்தபோது மாமனார் ஆகப்போகிறவர் கேட்டாராம். "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"தூங்குறவங்களைக் கண்காணிக்கிற வேலைங்க."

"வாட்ச்மேனா?"

"இல்லீங்க. வாட்ச்மேன் தூங்குறவங்களை எழுப்ப மாட்டான்."

மாமனாருக்கு அந்த வேலை கடைசிவரை பிடிபடவே இல்லை. எப்போது பார்த்தாலும் "என்ன மாப்பிள்ளை, வேலை நிரந்தரமாயிடுச்சா?" என்பார். பேராசிரியர் ஆன பிறகும் கேட்டார்.

இந்த ரகத்தாருக்கு வீடு வேறு, ஆய்வுக்கூடம் வேறு என்ற பேதம் கிடையாது. வீட்டில் கட்டில் இருக்கிறது, கட்டிலில் மனைவி இருக்கிறார், மனைவிக்குக் கண்கள் இருக்கின்றன, அவை உருளுகின்றன. போதாதா? கல்யாணமான நாள் முதல் அந்த அம்மாள் ஒரு கனவைக்கூட முழுசாகப் பார்த்தது இல்லை. கடலோரமாக நடந்துகொண்டிருப்பார், அலை காலைத் தொட வரும், தோளில் தட்டு விழும். மகள் கெட்டிக்காரி. எழுப்பினால் கண்ணைத் திறக்காமலே முந்தின நாள் பார்த்த சினிமாக் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவாள். அவர் அதையும் பயபக்தியோடு போனில் பதிவு செய்துகொள்வார். அம்மாளுக்குப் பொய் வராது. அதுதான் வினையாகப் போயிற்று.

மாமனார் இறந்தபோது அந்த அம்மாள் வழியில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. "பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லணும், சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரும்மா" என்று மட்டும் நர்ஸ் சொன்னார். என்ன சொல்ல இருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்பா கனவில் வர ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் உட்காருவார், மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார், போட்டுக்கொள்வார், "ஒண்ணு சொல்லணும்மா" என்று வாயைத் திறப்பார்.

"என்ன பாத்தே? சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பா வாயைத் திறப்பார், மாப்பிள்ளை மூட வைப்பார். அம்மாள் எழுந்து உட்கார்ந்து அழுவார். மாப்பிள்ளை என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? பரவசப்படுவார். ஒரே கனவு, ஒரே மேசை, ஒரே இடத்தில் அறுந்துபோகிறது! ஏன் அறுந்துபோகிறது? யோசித்தார். இறந்தவரின் முகத்தை மூளை சேமித்து வைத்திருக்கிறது, அவர் சொல்லாமல் போன சொல்லை அதனால் உண்டாக்க முடியவில்லை, ஆகவே அந்த இடம் வந்ததும் மூளையே கனவை நிறுத்திவிடுகிறது என்று கண்டுபிடித்தார். கட்டுரை எழுதினார். நான்கு பேர் மெச்சினார்கள். கடைசியில், சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே பெரிய அரங்கில் அதைப் பற்றிப் பேச அழைத்துவிட்டார்கள்.

மனைவியும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓசியில் ஏசி கிடைக்கிறதே என்று நானும் போயிருந்தேன். பிரமாதமாகத்தான் பேசினார். வண்ண வண்ணமாக மூளைப் படங்கள், நடுவில் மாமனாரின் மூக்குக் கண்ணாடி படம்கூட. கைதட்டல் ஓய்ந்ததும், அவருக்குப் பழைய சிநேகிதியான ஒரு பேராசிரியை மைக்கை வாங்கினார்.

"அந்த இடத்துல கனவு நின்னுபோகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"சரியா அப்பத்தான் முழிச்சுக்கறாங்க."

"அவங்களாவே முழிச்சுக்கறாங்களா?"

"இல்ல. அவர் பேச வந்ததும் இவங்க கண்ணு ரொம்ப வேகமா உருளும், உதடும் அசையும். அதைப் பாத்ததும் நான்…"

அவர் அங்கே நிறுத்தினார். தோளைத் தட்டும் பாவனையில் நீண்ட வலது கை மட்டும் காற்றில் நின்றது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது மெல்ல முன்னால் பரவிக்கொண்டு வந்தது. மகள்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது காரில் பின்சீட்டில் நான் இருந்தேன். நான் இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். என்னை எழுப்பாதீங்க, அவர் என்னமோ சொல்ல வராருன்னு அழுதுக்கிட்டே சொன்னேன். நீங்க அதை, முழிச்சதும் வர்ற எரிச்சல்னு கட்டுரையில போட்டுட்டீங்க."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர்களிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தரலாம் என்று போனேன். அழைப்பு மணியை அழுத்தக் கையை நீட்டுகிறேன், கதவு தானாகத் திறந்தது. வாயில் விரலை வைத்தபடி கொட்டாவி டாக்டர் நின்றார். செருப்புகூடப் போடவில்லை. அவர் தோளுக்கு மேலாக உள்ளே தெரிந்தது: சோபாவில் அந்த அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். இமைக்குள் கண்கள் உருண்டன. உதடு அசைந்தது. திரும்பிப் பார்த்த மனிதரின் வலது கை அதுவாகவே ஓரடி முன்னால் போயிற்று. அவர் இடது கையால் அதைப் பிடித்து இழுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அறையிலிருந்து மகள் "அப்பா, என் சார்ஜர்" என்று தொடங்கியதும், குழந்தை கிணற்றுப் பக்கம் போனதுபோல் கையை ஆட்டி அவளை அடக்கினார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. அதையும் முறைத்தார். வாசலில் அப்படியே காவலுக்கு நின்றார். மாமனார் பார்த்திருந்தால், மாப்பிள்ளைக்கு ஒருவழியாக வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நிம்மதி அடைந்திருப்பார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் கூட நின்றேன், வேறு வழி?

அம்மாள் தானாகக் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி இருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு. இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. டாக்டர் வாயைத் திறந்தார். "என்ன…" என்று வந்துவிட்டது. மீதியை மென்று விழுங்கினார். பாராட்ட வேண்டும், சாதாரண காரியமா அது!

அம்மாள் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டார். "டீ போடட்டுமா? உங்களுக்கும்தானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். அவ்வளவுதான். அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

சரி, இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த அம்மாள் டீ போடப் போனதாக நான் எழுதிய உடனே, "அதெல்லாம் இருக்கட்டும், அப்பா என்ன சொன்னார்?" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? கேட்டது என்றால், உங்கள் வலது கை இப்போது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.