உட்கார இடமில்லாத ஞாயிறு

"இந்தக் கட்டடத்துல யாரு இருக்காங்கன்னு கேக்குறாரு."

ஜப்பானிய அதிகாரி தன் மொழியில் கேட்டதைத் தமிழில் சொன்னவர், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தர்மலிங்கம்.

உபதேசியார் நவமணி இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தார். "ஆண்டவர் இருக்காரு."

"ஆளக் கேக்குறாருய்யா! காலியா கெடந்தா மரவள்ளிக் கிழங்கு அடுக்கப் போறாங்களாம்."

மலாயாவில் கோலா கெத்திலை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன ஜெப வீடு அது. வெள்ளைக்காரப் பாதிரியாரை ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனபின் நவமணிதான் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் அவர் மனைவி குணவதி, ஆஸ்பத்திரி ஆயா, ஆயாவின் காது கேளாத அண்ணன். சபை வளர வேண்டும் என்று அவர் செய்யாத ஜெபமில்லை. புதுமுகம் ஒன்றுகூட வந்ததில்லை.

ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "ஞாயித்துக்கெழம வந்து பாக்கச் சொல்லுங்க. உக்கார எடமிருக்காது."

தர்மலிங்கம் அதைச் சொன்னார். அதிகாரி தலையசைத்தார்.

"வர்றாராம்," என்றார் தர்மலிங்கம், துக்கம் விசாரிக்கிற குரலில்.

வீட்டில் குணவதி கேட்டாள்: "உபதேசியாரு பொய் சொல்லலாமா?"

"பொய் இல்லடி. விசுவாசம்."

"அப்ப அந்த விசுவாசத்தையே கூட்டியாந்து பாயில உக்கார வைங்க."

வேறு வழி தெரியவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி முனியாண்டியின் வாசலில் போய் நின்றார் நவமணி.

"பூசாரியண்ணே, எங்க கோயில எடுத்துக்கப் பாக்குறானுங்க. இந்த ஞாயித்துக்கெழம உங்க ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வாங்கண்ணே."

முனியாண்டி வாசலுக்கு இறங்கி வந்தார். "சாமி எடத்துல கெழங்கா? நடக்காது. நான் சொல்றேன்லா, போங்க."

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகிற வழியில், "வரும்போது திருநீறு மட்டும் வேண்டாம்" என்று தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் சொல்லி வைத்தார். அவ்வளவுதான். பால் மரம் வெட்டும் பிச்சையம்மாள் வாளியை நங்கென்று கீழே வைத்தாள்.

"நெத்தி காலியா வரணும்னா ஒங்க கோயிலும் காலியாவே கெடக்கட்டும்!"

லயமே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. நவமணி வீடு வீடாக ஏறி இறங்கினார். "தெரியாமச் சொல்லிட்டேன். எப்படி இருக்கீங்களோ அப்படியே வாங்க. தயவு செஞ்சு வாங்க."

மனம் இறங்கினார்கள். இறங்கியவர்கள் தேங்காய் உடைக்கலாமா, தப்பு மேளம் கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். மறுக்கப் பயந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதற்குள் புதிய வதந்தி ஒன்று கிளம்பியது. ஜெப வீட்டுக்குப் போகிறவர்களைச் சயாமில் ஜப்பான்காரர்கள் போடும் ரயில் பாதைக் கட்டாய வேலைக்குப் பிடித்துப் போகமாட்டார்களாம். பதறிப்போன நவமணி, அது பொய்யென்று சொல்லப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஓடினார். உபதேசியாரே இப்படி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து மறைக்கிறார் என்றால் விஷயம் உண்மைதான் என்று ஊர் முடிவுகட்டியது.

ஞாயிறு காலை பாயில் இடமில்லை. வாசலில் இடமில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவிலும் தலைகள் தெரிந்தன.

தர்மலிங்கம் வெளிறிப்போய் ஓடிவந்தார். "என்னய்யா இது? இவ்வளவு பேரு கூடினா கலகம் பண்றோம்னு நெனப்பான். கோயில விடுங்க, ஒங்க தலை தங்குமா?"

பதில் சொல்வதற்குள் அதிகாரி வந்துவிட்டார். இடுப்பில் வாள். பின்னால் துப்பாக்கியோடு சிப்பாய்கள்.

நவமணி தயார் செய்திருந்த பிரசங்கத்தில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. முழங்காலிட்டார்.

"ஆண்டவரே, சயாமுக்குப் போனவங்களப் பாத்துக்க," என்றார். அந்த ஒரு வரியோடு ஜெபம் நின்றுவிட்டது.

எல்லோரும் 'ஆமென்' சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"ராமையா."

அழகம்மாவின் குரல். கணவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து யாரோடும் பேசாதவள்.

"அம்மாசி," என்றாள் பிச்சையம்மாள். அவள் மகன்.

"மீரா சாகிபு," என்றது வாசலருகே நின்ற ஒரு குரல். அடுத்து இன்னொரு பெயர். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒன்று. அதற்கும் அப்பாலிருந்து ஒன்று. அழுகையில்லை, கூச்சலில்லை. பெயர்கள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் வந்துகொண்டேயிருந்தன. முனியாண்டி கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார். தப்புக்காரர் தப்பை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

நவமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் ஆயுளில் இப்படியொரு ஜெபத்தை அவர் கேட்டதில்லை. அது தன்னால் வந்ததல்ல என்று மட்டும் தெரிந்தது.

அதிகாரி ஏதோ கேட்டார். சயாமுக்குப் போனவர்களின் பெயர்கள் என்று தர்மலிங்கம் காதோரம் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். மிகத் தாழ்ந்த குரலில் அவரும் ஒன்றைச் சொன்னார். மொழி புரியாவிட்டாலும் அது ஒரு பெயர்தான் என்பது எல்லோருக்கும் புரிந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். மரவள்ளிக் கிழங்கு வரவேயில்லை.

சயாமுக்கு ஆள் பிடிப்பது நிற்கவில்லை. அந்த வாரமே முனியாண்டியின் தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். வதந்தி செத்தது.

"இனிமே பழையபடி நாமதான்," என்று குணவதியிடம் சொல்லிக்கொண்டே அடுத்த ஞாயிறு ஜெப வீட்டுக்குப் போனார் நவமணி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே உட்கார இடமில்லை. திருநீறு பூசிய முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன.

"இன்னிக்கு ஜப்பான்காரன் வரமாட்டானே," என்றார் தடுமாறி. "இங்க வந்தாலும் சயாமுக்குப் பிடிக்கத்தான் செய்வான். நீங்க எதுக்கு..."

பிச்சையம்மாள் நகர்ந்து உட்கார்ந்து குணவதிக்கு இடம் விட்டாள்.

"அவனுக்காக யாருய்யா வந்தா? இத்தன வருசமா எங்க லயத்துல வந்து நின்னு நரகத்துக்குப் போவீங்கன்னுதான சொன்னீங்க? வாங்கன்னு இப்பத்தான கூப்புட்டீங்க!"