ரேடியோவில் தலையாட்டினேன்

தலையாட்டினால் ரேடியோவில் கேட்காது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு மறந்துபோனது.

நான் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி ஊர்க்காரன். விசைத்தறி ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. தறிக் கொட்டகையில் எவனும் பேசமாட்டான். பேசினால் கேட்காது. சாப்பிட்டாயா என்று கேட்க வாயைத் தொட்டுக் காட்டுவோம். ஆமாம் என்றால் ஒரு தலையாட்டல். பக்கத்துத் தறியில் நூல் அறுந்ததைப் பார்த்தால் மட்டும் வாயைத் திறப்போம். அப்போது திறக்கிற வாய் கூரை வரைக்கும் போகும்.

தறி ஓடாத கோடையில் வேறு வேலைக்குப் போவேன். திருப்பதியில் இருக்கிற ஒரு எஃப்.எம். வருடா வருடம் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுக் கச்சேரி நடத்தும். முதல் வருடத்திலிருந்து அதற்கு மேடை கட்டுகிறவன் நான். ஜெனரேட்டர் பார்க்கிறவன் சேகர். அவனும் என் கொட்டகைதான், பக்கத்துத் தறி.

அந்த வருடம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பாலசமுத்திரத்தில், மாந்தோப்புக்காரர் வீடு. பெண் பெயர் கோமதி. பார்த்ததும் பிடித்துவிட்டது. (சொல்லவில்லை.) அவள் அப்பா என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத் தலையாட்டினேன். காபி எப்படி இருக்கிறது என்றதற்குக் கட்டைவிரலைத் தூக்கினேன்.

அவர் என் மாமாவை, அதாவது அக்கா வீட்டுக்காரரை, தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, பையனுக்குப் பேச்சு வருமா, வராதா? மறைக்காம சொல்லிடு."

"நல்லா வரும்ங்க. கொஞ்சம் கூச்சம்."

"இன்னொரு எடம் வந்துகினு கீது. ஞாயித்துக்கெழம அவங்களுக்கு வாக்கு குடுக்கணும். அதுக்குள்ள இவன் பேசறத நான் காதால கேக்கணும்."

மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"சனிக்கெழம சாயந்தரம் ரேடியோவப் போடுங்க. சித்தூர் கச்சேரில எங்க ஏழுமலை பேசப் போறான்."

பொய் இல்லை. இந்தக் கச்சேரித் திருவிழா வளர்ந்த கதையைப் பழைய ஆள் யாராவது இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ரேடியோக்காரர்கள் கேட்டிருந்தார்கள். சேகர் ஜெனரேட்டரை விட்டு நகரமாட்டான். மிச்சம் நான். "எல்லாருக்கும் வணக்கம்" என்று மனப்பாடம் செய்தேன். இரண்டு வார்த்தை. சரியாக இருந்தது.

சனிக்கிழமை. சித்தூர் மைதானம் நிறையக் கூட்டம். பாடகர் திருப்பதியிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். அது மாம்பழக் காலம். மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரி வாசலில் மாங்காய் டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தன. நடுவில் பாடகர்.

தொகுப்பாளினி பாவனா ஓடி வந்தாள். திருப்பதிப் பெண். மூச்சு விடாமல் பேசுவாள். பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"அண்ணா, சிங்கர் இப்ப வர மாட்டாரு. லைவ் போய்க்கினு கீது. அவரு வர்ற வரைக்கும் நீங்கதான். கதையச் சொல்லிக்கினே இருக்கணும், சரேனா?"

தலையாட்டினேன். (அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

மேடையில் ஏறினேன். முன்னால் ஸ்பீக்கர் இரைச்சல். பின்னால் சேகரின் ஜெனரேட்டர் தடதட. கண்ணை மூடினால் தறிக் கொட்டகை. வாய் தானாக மூடிக்கொண்டது. மனப்பாடம் செய்த இரண்டு வார்த்தையும் வயிற்றுக்குள் போய்விட்டன. கையைக் கூப்பினேன்.

"அண்ணா வணக்கம் சொல்றாரு!" என்றாள் பாவனா. "செப்பண்டி அண்ணா, மொத வருசம் திருப்பதில டிராக்டர் டிரெய்லர் மேலதான் மேடையாமே?"

ஆட்டினேன்.

"அது சாஞ்சிடுச்சாமே?"

எவ்வளவு சாய்ந்தது என்று கையைச் சாய்த்துக் காட்டினேன்.

"அய்யோ, இவ்ளோவா! தபேலாக்காரர் என்னா ஆனாரு?"

அவர் உருண்டதை உருண்டு காட்டவில்லை. விரலால் சுற்றிக் காட்டினேன். கூட்டம் சிரித்தது. ரேடியோவில் காரணமே இல்லாமல் சிரிப்புச் சத்தம்.

பாவனாவுக்கு வியர்த்தது. கிரிக்கெட் வர்ணனையில் இறங்கிவிட்டாள்.

"அடுத்த வருசம் புத்தூர்ல மழை... அண்ணா ரெண்டு கையையும் தூக்கறாரு... தார்ப்பாய் பிடிக்கறாரு... பாட்டு நிக்கல... இப்ப குனியறாரு... அண்ணா, ஏன் குனியறீங்க?"

(தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தேன். இது புரியவில்லை என்றால் நான் என்ன செய்வது.)

மேடைக்குக் கீழே மாமா நின்றிருந்தார். அவர் போன் அடித்தது. காதில் வைத்தார். முகம் கறுத்தது. என்னைப் பார்த்து வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

சாப்பிட்டாயா என்று கேட்கிறார். இந்த நேரத்தில் என்ன அக்கறை என்று நினைத்தேன். சாப்பிட்டேன் என்று தலையாட்டி வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

"அண்ணா வயித்தத் தட்டறாரு..." என்றாள் பாவனா. குரல் உடைந்திருந்தது.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு போனைக் காட்டினார். கழுத்தில் தாலி கட்டுவதுபோல் காட்டினார். கையை விரித்து, போச்சு என்றார். அது புரிந்தது.

பாலசமுத்திரத்தில் கோமதியின் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்தால் ஞாயிறு.

மூச்சை நிரப்பினேன். வாயைத் திறந்தேன். அவ்வளவு இரைச்சலில் நான் வாயைத் திறந்தால் வருவது ஒன்றுதான். அதுவே வந்தது.

"டேய் சேகரு! நூலு அறுந்துச்சு! நிறுத்துடா!"

அந்தச் சத்தத்துக்குச் சேகரின் கை யாரையும் கேட்காது. நிறுத்திவிட்டான்.

விளக்கு போனது. ஸ்பீக்கர் போனது. ரேடியோவும் போனது. மைதானமே இருட்டில் உட்கார்ந்திருந்தது. பாவனாவின் குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"என்ன நூலு அண்ணா?"

பிறகு பாடகர் வந்தார், பாடினார். நான் பார்க்கவில்லை. மேடைக்கு அடியில் இருந்தேன்.

மறுநாள் மாமா மன்னிப்புக் கேட்கப் பாலசமுத்திரம் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"பேச்சு வருது. ஒத்துக்கறேன்," என்றார் கோமதியின் அப்பா. "ஆனா இவன் வாயத் தொறந்தா சித்தூரே அணைஞ்சி பூடுது. எங்க தோப்புல மோட்டார் ஓடணுமேப்பா."

உள்ளேயிருந்து கோமதியின் குரல் வந்தது.

"நைனா, அந்த இன்னொரு எடத்துக்காரரு வந்தப்போ காபிதான் ஆறிப்போச்சு, அவரு பேச்சு ஆறல. எனக்கு இவரே போதும்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ என்னா சொல்ற?"

தலையாட்டினேன். மாமா என் தொடையில் கிள்ளினார்.

"சம்மதம்," என்றேன்.

கரண்ட் போய்விட்டது.

(அந்த ஊரில் அந்த நேரத்துக்குத் தினமும் போகும். இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.)

இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் அந்தத் திருவிழாவுக்கு மேடை கட்டுகிறேன். மைக் பக்கம் விடமாட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். நான் தொண்டையைக் கனைத்தால் என் மகள் அடுப்படியைப் பார்த்துக் கத்துவாள்.

"அம்மா, நைனா பேசப் போறாரு!"

கோமதி அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

"செத்த இருக்கச் சொல்லுடி. கிரைண்டர்ல மாவு ஓடுது, ஆட்டி எடுத்துக்கறேன்."

சரி என்று தலையாட்டுவேன். அடுப்படிக்கும் அது கேட்காது.