கொசுக்கள் தேர்ந்தெடுத்த மனிதர்

கொசுக்களில் எத்தனை வகை என்று ஆராய ஆட்கள் இருக்கிறார்கள். கொசு கடித்தவர்களில் எத்தனை வகை என்பதைத்தான் யாரும் சரியாக எண்ணிப் பார்த்ததில்லை. கடித்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பவர் ஒரு வகை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஒற்றி, சொறியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் இன்னொரு வகை. இவர்கள் ரொம்பக் குறைவு. இந்த இரண்டு வகையாலும் உலகத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாம் இங்கே பார்க்கப்போவது மூன்றாவது வகை. உலகத்துக் கொசுக்களெல்லாம் ஒன்றுகூடித் தன் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கின்றன என்று நம்புகிறவர்.

உங்களுக்கு இவரைத் தெரியும். பத்துப் பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று தன் கழுத்தில் தானே ஓங்கி ஓர் அடி போட்டுக்கொள்வார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகத்தானே அந்த அடி? வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டி, "தப்பிச்சிடுச்சு" என்பார். பிறகு ஒரு பெருமூச்சு. "இத்தனை பேர் இருக்கீங்க, ஆனா பாருங்க, நேரா என்கிட்டதான் வருது. ரத்தம் அப்படி." நீங்கள் பரிதாபப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்த முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடி வாங்கியவரின் முகமா அது? பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிடப்பட்டவரின் முகம்.

இந்த வகையின் முழு லட்சணமும் பொருந்திய ஒருவர் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் இருந்தார். மற்றவர்கள் வரைந்த வீட்டுப் படங்களில் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சமையலறை இரண்டு அங்குலம் குறைந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம், பக்கத்தில் தேதி. வயது ஐம்பத்திரண்டு. அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குத் தேன் சார் என்று பெயர். பட்டம் அவரே கொடுத்ததுதான். "என் ரத்தம் தேன் மாதிரி, அதான் மொய்க்குது" என்று வாரம் மூன்று முறை சொன்னால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஒருமுறை மேலாளர் அக்கறையோடு, "சர்க்கரை இருக்கான்னு எதுக்கும் ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றார். தேன் சார் அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை.

அந்த அறையில் மின்விசிறிகள் இரண்டு. ஒன்று சுற்றும். இன்னொன்று சுற்றுவதாகப் பெயர். சுற்றும் விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலி தேன் சாருடையது. காற்றடிக்கிற இடத்தில் கொசுவால் பறந்து வந்து உட்கார முடியாது, ஆகவே அதிகம் கடிபடுகிறவருக்கே அந்த இடம் என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் வாதாடி வாங்கியது. அந்த நாற்காலி வெறும் நாற்காலி இல்லை. இந்த அறையில் தான் ஒரு தனிப்பிறவி என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். சம்பளத்தில் இல்லை, பதவியில் இல்லை, மேலாளர் முகத்தில் நிச்சயமாக இல்லை.

அவர் கையே ஒரு வரைபடம். ஒவ்வொரு தடிப்பைச் சுற்றியும் சிவப்புப் பேனா வட்டம், பக்கத்தில் தேதி, எஃகு அளவுகோல் வைத்து எடுத்த விட்டம். "இது நேத்து சாயங்காலம் வந்தது. பதினாலு மில்லிமீட்டர். பக்கத்துல இருக்கே, அது காலைல வந்தது. இன்னும் வளரும்." வீட்டுப் படம் பார்க்க வந்தவர்கள் முதலில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் படத்தைப் பார்க்க முடியும்.

மேசை இழுப்பறையைத் திறந்தால் ஒரு மருந்துக்கடை. கடிப்பதற்கு முன் தடவ மூன்று லோஷன், கடித்த பிறகு தடவ இரண்டு களிம்பு, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் எண்ணெய், மணிக்கட்டில் மாட்ட ஒரு வாசனைப் பட்டை. கொசுவுக்கு மட்டுமே கேட்கும் ஒலியை எழுப்பும் ஒரு சின்னக் கருவியும் உண்டு. நமக்குக் கேட்காதது நல்லதாயிற்று, ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பதே போதும் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னலோரம் ஒரு தொட்டி. கொசுவை விரட்டும் செடி என்று யாரோ சொல்லி, நாற்காலி கிடைத்த அதே வருடம் வாங்கி வந்தது. செடி வாடிவிடக் கூடாதே என்று தொட்டிக்கு அடியில் அகலமான தட்டு. அதில் விளிம்பு வரை தண்ணீர். தினமும் காலையில் அவரே ஊற்றுவார். பெருக்க வரும் அம்மா தட்டை நகர்த்தினால் கூட, "அதைத் தொடாதீங்க! இந்த ரூமையே அதுதான் காப்பாத்திட்டு இருக்கு" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவியையும் கொசு கடித்தது. ஆனால் அதை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டுமே!

"என்னையும்தாங்க கடிக்குது. இங்க பாருங்க."

அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்ப்பார். "இது கொசுக்கடி இல்ல. வேர்க்குரு."

மறுநாள் மனைவி, சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு தடிப்பைக் காட்டினார். அதில் கொசுவின் ஒரு கால் கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது வழி தவறி வந்த கொசு. என்னைத் தேடி வந்திருக்கும்."

"ஆமாங்க," என்றார் மனைவி, போர்வையை இழுத்துக்கொண்டு. "நானும் அப்படி வந்தவதான்."

இப்படி எந்தக் குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த அவர் வாழ்க்கையில் புதிதாக ஒரு வரைவாளர் வந்து சேர்ந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். முழுக்கை உடுப்பு, காலில் உறை, அதிகம் பேச்சில்லை. ஜன்னலோர மேசை, அதாவது செடிக்குப் பக்கத்து மேசை, அவளுக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள் அவள் கை கழுவிவிட்டு வரும்போது மேலாளர் கவனித்துவிட்டார்.

"என்னம்மா கையில? வீங்கியிருக்கு?"

"கொசு சார். எனக்குக் கொஞ்சம் அதிகமா கடிக்கும்."

பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கொஞ்சம் அதிகமா! இதை எந்த அறையில், யார் முன்னால் சொல்கிறாள்! தேன் சார் அளவுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். எதுவும் பேசாமல் அவள் மணிக்கட்டுக்கு மேல் பிடித்தார். இருபத்திரண்டு மில்லிமீட்டர். அவருடைய வாழ்நாள் சாதனை பதினாறு.

"இது அலர்ஜி," என்றார், அளவுகோலை மடிப்பதற்கு வழி இல்லாததால் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு. "ஒரிஜினல் கடி வேற மாதிரி இருக்கும்."

"எதுவா இருந்தா என்ன, பாவம்," என்றார் மேலாளர். "நீங்க வேணா கொஞ்ச நாள் அந்தப் பொண்ணுக்கு ஃபேன் கீழ இடம் விடுங்களேன்."

"சார்! பதினோரு வருஷம்!"

அவர் குரல் உடைந்ததைக் கேட்டு மேலாளருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி, சண்டை வேண்டாம். அளவு பார்க்கிற ஆபீஸ்தானே இது? அளந்துருவோம். நாளைக்கு சாயங்காலம் அரை மணி நேரம் ஃபேனை நிறுத்துவோம். யாரை அதிகம் கடிக்குதோ அவங்களுக்கு நாற்காலி."

"வேண்டாம் சார், விடுங்க," என்றாள் அவள்.

"ஏன், பயமா?" என்றார் தேன் சார்.

அவள் பென்சிலைக் கையில் எடுத்தாள். "நான் என் இடத்துலயே, என் வேலையைப் பார்த்துட்டு இருக்கேன். எண்ணுறவங்க எண்ணிக்கோங்க."

அன்று மாலையே தேன் சார் தயாரிப்பில் இறங்கினார். லோஷன், களிம்பு, எண்ணெய், பட்டை எல்லாவற்றுக்கும் விடுமுறை. பேனா வட்டங்கள் மட்டும் அழியாமல் பார்த்துக்கொண்டு, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டு இரண்டு முறை குளித்தார். "வாசனையே இல்லாம, யாரோ வேத்து ஆள் மாதிரி இருக்கீங்க," என்றார் மனைவி. மறுநாள் போட்டிக்குப் பத்து நிமிடம் முன்னால், வியர்வைக்குக் கொசு வரும் என்று எங்கோ படித்ததை நினைத்து, மாடிப்படியில் நான்கு முறை ஏறி இறங்கினார். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, சட்டைக் கையைத் தோள் வரை மடித்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, இரண்டு கைகளையும் மேசை மேல் நீட்டி வைத்தார். கடைவிரித்துவிட்டுக் காத்திருக்கும் வியாபாரியைப் போல.

விசிறி நின்றது.

ஜன்னல் பக்கமிருந்து சன்னமாக ரீங்காரம் கேட்டது. முதல் ஐந்து நிமிடத்தில் அவள் இரண்டு முறை கையை உதறினாள். மேலாளர் தாளில் இரண்டு கோடு போட்டார். முழுக்கை உடுப்புக்கும் காலுறைக்கும் நடுவே, கொசுவுக்கென்றே விட்டது போல இருந்த விரலளவு இடைவெளிகளைக் கொசுக்கள் தேடிப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தன. அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தேன் சார் பக்கம் காலி.

பதினெட்டாவது நிமிடம் ஒன்று வந்தது. அவருடைய வலது முன்கையில், சரியாக நடுவில், உட்கார்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். கடி, என்று மனதுக்குள் சொன்னார். கடிச்சிடு. உனக்காகத்தானே இத்தனை வருஷம். கொசு இரண்டு எட்டு நடந்தது. நின்றது. பின்னங்காலைத் தூக்கித் துடைத்துக்கொண்டது. பிறகு எழும்பி, அவர் மூக்குக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, நேராக அவளிடம் போய்ச் சேர்ந்தது.

ஐம்பத்திரண்டு வயதில், நாலு பேர் பார்க்க, ஒரு மனிதரை ஒரு கொசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அவருக்குக் கண் கலங்கியது.

அரை மணி முடிந்தபோது அவளுக்கு ஒன்பது, அவருக்குப் பூஜ்யம். அதைவிடக் கொடுமை, ஒருநாள் எதுவும் தடவாமல் விட்டதில் பழைய தடிப்புகளும் வற்றிப்போயிருந்தன. வெறும் சிவப்பு வட்டங்கள் மட்டும், உள்ளே எதுவும் இல்லாமல், கை முழுவதும்.

அவள் எழுந்து போய்க் கை கால் கழுவிவிட்டு, குடிநீர் இயந்திரத்துக் குளிர்ந்த நீரில் கைக்குட்டையை நனைத்து மணிக்கட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. அந்த லோஷன்ல ஏதோ ஒண்ணுதான் உங்களுக்கு ஒத்துக்கலையோ என்னவோ. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் தடிச்சுது. நிறுத்தினதும் போயிடுச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அன்பாகச் சொல்லிவிட்டாள்.

"அப்போ நாற்காலி..." என்று மேலாளர் இழுத்தார்.

"எனக்கு வேண்டாம் சார். ஃபேன் கீழ தாளெல்லாம் பறக்கும். அந்தத் தொட்டித் தட்டுல இருக்கிற தண்ணியை மட்டும் கொட்டிடலாமா? வந்த நாள்லேர்ந்து சொல்லணும்னு பார்க்கிறேன்."

எல்லோரும் ஜன்னலோரம் போய்க் குனிந்தார்கள். தட்டுத் தண்ணீரில் நூல் நூலாக, தலைகீழாக, நூற்றுக்கணக்கில் நெளிந்துகொண்டிருந்தன கொசுப்புழுக்கள். நல்ல போஷாக்கோடு இருந்தன. பதினோரு வருடமாகத் தினமும் காலையில், ஒருநாள் தவறாமல், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வளர்த்த கை யாருடையது? அந்த அறையில் பறந்த கொசுக்களில் பாதியாவது அவர் பிள்ளைகள். பெற்றவரை மட்டும் கடிக்காமல் விட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

"அது செடிக்கு வெச்ச தண்ணி..." என்றார் தேன் சார். பெருக்க வரும் அம்மா, "தொடலாமா சார் இப்போ?" என்று கேட்டார். தேன் சார் தானே தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் வெளியே கொண்டுபோய், வெயிலில் காய்ந்த தரையில் கொட்டிவிட்டு வந்தார். அடுத்த நாள் அலுவலகத்துக்கே வரவில்லை.

மனிதர் திருந்திவிட்டார், இனி மனைவியின் கையைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்து மன்னிப்புக் கேட்பார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த வகையை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வந்தார். வட்டங்களைத் தேய்த்துக் கழுவியிருந்தார். முகத்தில் புதிய ஒளி. அதே நாற்காலியில் உட்கார்ந்தார். படம் பார்க்க வந்த ஒருவர், மிச்சமிருந்த கொசு ஏதோ கடித்ததில், கழுத்தில் தட்டிக்கொண்டார். தேன் சார் கண்ணில் அப்படி ஒரு கருணை!

"உங்களைக் கடிக்குதா? ரொம்ப சாதாரண ரத்தம் போலிருக்கு. பாருங்க, பதினோரு வருஷமா இதே ரூம்ல இருக்கேன். அரை மணி நேரம் கையை நீட்டி உட்கார்ந்து டெஸ்ட்டே பண்ணியாச்சு. ஒண்ணு வந்துச்சு, மோந்து பார்த்துச்சு, பயந்து ஓடிடுச்சு. சாட்சி இருக்கு. லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும். ரத்தம் அப்படி."

பத்து நாளில் அறையில் கொசு அடியோடு குறைந்தது. தட்டைக் கொட்டியதால் என்று உலகம் சொல்லும். உலகத்துக்கு என்ன தெரியும்? "நான் லோஷனை நிறுத்தினேன் பாருங்க, ரத்த வாடை ரூம் முழுக்கப் பரவிடுச்சு" என்றார் அவர். அலுவலகத்தில் தேன் சார் என்ற பெயரை எடுத்துவிட்டு வேப்பெண்ணெய் சார் என்று மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் மனைவி முதுகில் சொறிந்தபடி, "கொசு," என்றார். "பயப்படாதே, நான் பக்கத்துலதானே இருக்கேன்," என்றார் அவர்.

நீங்கள் இந்த வகை இல்லை, தெரியும். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை முறை சொறிந்துகொண்டீர்கள்? நடுவில் ஒருமுறையாவது, "அவர் கதை சரி, ஆனா என்னை நிஜமாவே கடிக்குமே" என்று நினைத்தீர்கள் அல்லவா? புத்தகத்தைக் கீழே வையுங்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் கையைப் பாருங்கள். பிறகு எழுந்துபோய், நீங்கள் ஆசையாக வளர்க்கும் அந்தத் தொட்டியின் தட்டைப் பாருங்கள்.