ஸ்டெல்லாவின் நெற்றியில் நான் துடைத்தது

“14.2.2024, புதன், காலை 7.50. ஸ்டெல்லா, பேக்கிங் பகுதி. நெற்றியில் கறை. துடைக்கப்பட்டது.”

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சுத்தப் பதிவேட்டில் உள்ள வரி இது. எழுதியவன் நான். துடைத்தவனும் நானே. (குற்றத்தையும் வாக்குமூலத்தையும் ஒரே வரியில் முடித்த ஆள் நீலகிரியில் வேறு யாரும் இருக்க முடியாது.)

அன்று ஆய்வாளர்கள் வரவிருந்தார்கள். தொப்பி, நகம், முகம் எல்லாம் பார்த்துத்தான் ஆட்களை உள்ளே விட்டேன். ஸ்டெல்லா வந்தார். நெற்றி நடுவில் கருப்பாக ஏதோ. தேயிலைத் தூசி யார் முகத்தில்தான் ஒட்டாது? கர்ச்சீப்பால் ஒரே இழுப்பு. ஊட்டிக்கு முதல் ரயில் ஏறிவந்த தேதியைத் தூக்கத்திலும் சொல்லும் எனக்கு, அன்று கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் என்பது தெரியவில்லை.

ஸ்டெல்லா என் நெற்றியையே பார்த்தார். அங்கே மூன்று பட்டை திருநீறு.

“ஏனுங்ணா, உங்க நெத்தியில இருக்கறது என்னங்க? சுண்ணாம்பா?”

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“காலைல கோயில்ல சாமியார் போட்ட சிலுவைங்ணா. போன வருசத்துக் குருத்தோலைய எரிச்ச சாம்பல். எங்கம்மா பவனியில கையில புடிச்ச ஓலையும் அதுல இருக்குது.”

அவர் அம்மா ஐப்பசியில் இறந்திருந்தார். அந்தச் சாவுக்கு நானும் போயிருந்தேன். தேதிகூடக் குறித்து வைத்திருந்தேன்.

பதறிப்போய், பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினேன். (ஆம், நீட்டினேன்.) பலிக்கவில்லை. கேன்டீனிலிருந்து டீயும் வர்க்கியும் வரவழைத்தேன்.

“இன்னிக்கு ஒருசந்திங்ணா. மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிட மாட்டேன்.”

கடைசி முயற்சியாக, தொழிற்சாலை வாட்ஸப் குழுவில் “சாம்பல் புதன் நல்வாழ்த்துகள்” போட்டேன், ஒரு ரோஜாப் படத்துடன். (காதலர் தினத்துக்கு யாரோ அனுப்பிய ரோஜாதான் அவசரத்தில் கைக்கு அகப்பட்டது.)

“துக்கத்துக்கு யாராச்சும் வாழ்த்துச் சொல்லுவாங்களாங்ணா? அதையெல்லாம் ஈஸ்டருக்கு வெச்சுக்குங்க.”

மேலாளர் கூப்பிட்டார். “அந்த வரிய அடிச்சிருங்க. இனிமே யாரோட சாமி விசயத்துலயும் வாயே தொறக்காதீங்க. அதுதான் மரியாதை.”

மாட்டேன் என்றேன். இன்றும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். வாயைத் திறக்காததால் வந்த வினைதானே இது? “இது என்னங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கர்ச்சீப் பையிலேயே கிடந்திருக்கும். வரியை அடிக்கவில்லை. அதன் கீழே “தவறு என்னுடையது” என்று எழுதினேன். ஸ்டெல்லாவைக் கேட்டு இன்னொரு வரியும் சேர்த்தேன்: “நெற்றியில் எது இருந்தாலும், கேட்காமல் துடைக்கக் கூடாது.”

இப்போதும் சாம்பல் புதனன்று ஸ்டெல்லா நெற்றியைக் கையால் மூடிக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறார். “ரெண்டு கையையும் மேல தூக்குங்ணா, நான் உள்ள போகோணும்!” வீட்டிலோ, மகள் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தால் என் மனைவி முந்திக்கொள்வாள்: “கேட்டுட்டுத் தொடைங்க!”

அந்தக் கர்ச்சீப்பை நான் துவைக்கவில்லை. தேதியிட்ட உறையில் போட்டு ஸ்டெல்லாவிடம் கொடுக்கப் போனேன். சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, “உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டுங்ணா” என்று திருப்பித் தந்தார். அந்தக் கறையில் தேயிலைத் தூசி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, அதில் அவர் அம்மாவின் ஓலை இருக்கிறதா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.