உதட்டுக் கொப்புளம் உதிரும்வரை வரவேண்டாம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் உங்கள் மகனும் என் மகளும் நலம். போன வாரம் பிறந்த நம் பேத்தி மிக நலம். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. இதில் மறுபேச்சு வேண்டாம். உங்கள் நலம் கேட்டு எழுத வேண்டியது முறை. நலமாகத்தான் இருப்பீர்கள். வருவதெல்லாம் எனக்குத்தானே வருகிறது! தொலைபேசியில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

என் கீழுதட்டில் கொப்புளம் வந்திருக்கிறது. காரணம் நீங்கள். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, "அடுத்த ஞாயிறு வந்துடறேன் சம்பந்தி, பேத்திக்கு முதல் முத்தம் என்னுதுதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி போனில் கத்தினீர்கள். போனை வைக்கும்போதே உதடு குறுகுறுத்தது. விடிந்தால் கொப்புளம். வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் மகள் அதைக் கண்டதும் குழந்தையோடு பின்வாங்கினாள். "அப்பா, இது நமக்கு ஒண்ணுமில்ல, பச்சக்குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. காயுற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள வராதீங்க" என்றாள். "இது நான் கட்டின வீடு!" என்றேன். "வைரசுக்கு அது தெரியாதுப்பா" என்றாள்.

மருந்து போட்டு ஒரேயடியாக விரட்டு என்றேன். "விரட்ட முடியாதுப்பா. சின்ன வயசுல எப்பவோ உதட்டுல தொத்தின இந்த வைரஸ், நரம்பு வழியா மேல ஏறி, காதுகிட்ட மண்டைக்குள்ள ஒரு நரம்பு செல்லுல போய்ப் படுத்துக்கிச்சு. மரபணுவை வளையமா சுருட்டி வச்சுக்கிட்டு சும்மா கிடக்கும். ஏதாவது செஞ்சாத்தானே நம்ம உடம்போட காவல் அணுக்களுக்குத் தெரியும்? மருந்தும் பெருகுற வைரசத்தான் பிடிக்கும், தூங்குறதைத் தொடாது" என்றாள். "ஒரு வேலையும் செய்யாம, ஆயுசு முழுக்க உள்ளயே படுத்திருக்குமா?" என்று கேட்டு, உதாரணத்துக்கு ஒருவரைச் சொன்னேன். அவர் யாரென்று உங்களுக்கே எழுதுவது மரியாதையாகாது. உங்கள் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

காய்ச்சல், வெயில், மனஉளைச்சல் வந்தால் அது விழித்துக்கொள்ளுமாம். நான் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல, ஆனால் யோசிக்கத் தெரியும். கல்யாணப் பேச்சுக்கு நீங்கள் முதல்முறை வந்தபோது கொப்புளம். கல்யாணத்தன்று கொப்புளம், எல்லாப் புகைப்படத்திலும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் உருகிப்போனார்கள். போன கோடையில் நீங்கள் வந்தபோதும் கொப்புளம். "அன்னிக்கு உச்சி வெயில்ல பஸ் ஸ்டாப்புல தொப்பி இல்லாம நின்னது யாருப்பா?" என்கிறாள் மகள். யாருக்காக நின்றேன்? முதல் பஸ்ஸைக் கோட்டைவிட்டு அடுத்த பஸ்ஸில் ஆடி அசைந்து வந்தது யார்? ஆகவே வெயிலும் உங்களால்தான்.

மனம் அமைதியாக இருந்தால் சீக்கிரம் காயுமென்று ஒரு நாள் முழுக்கக் கோபப்படாமல் உட்கார்ந்து பார்த்தேன். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஏங்க, உடம்புக்கு என்ன? காலையிலேருந்து யாரையும் திட்டலையே!" என்று பதறினாள். அதில் கோபம் வந்து, எல்லாம் வீணாயிற்று.

சம்பந்தி, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பசிக்கு அழுவது எது, தூக்கத்துக்கு அழுவது எது என்று கேட்டே சொல்லிவிடுவேன். தும்மினால்கூடத் தெரியும். ஆஸ்பத்திரியில் துணிச்சுற்றுக்கு வெளியே தெரிந்த மூக்கைத் தவிர, முகத்தைத்தான் இன்னும் கிட்டத்தில் சரியாகப் பார்க்கவில்லை. இந்த நிலையில் நீங்கள் பாட்டுக்கு என்னைத் தாண்டி உள்ளே போய் முத்தம் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்து, முதல் முத்தத்தை நான் கொடுத்த பிறகு தகவல் சொல்வேன். அதுவரை வரவேண்டாம். இது வேண்டுகோள் அல்ல.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
உங்களால் உதடு வீங்கிய சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மகன் வந்தார். "மாமா, கொப்புளம் இல்லாதவங்க எச்சில்லகூட இந்த வைரஸ் வரலாம். நிறையப் பேருக்கு உள்ள இருக்கிறதே தெரியாது. அதனால இன்னும் சில மாசத்துக்கு யாருமே பாப்பாவுக்கு முத்தம் குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார். "உங்க அப்பாவுமா?" என்று கேட்டேன். "அப்பாவும்தான் மாமா." உதட்டு எரிச்சல் பாதி அடங்கிவிட்டது. மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாமல், ஞாயிறுவரை காத்திராமல் உடனே கிளம்பி வாருங்கள். உங்களிடம் அவர் இதைச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்து உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.